இருவர், ஒரு படகு, ஒரு நதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் வருடத்தில் சில வாரங்கள் படகிலேயே குடியிருப்பவர்கள். கடல் பக்கம் போவதில்லை. நதி, கால்வாய், நடுவில் வரும் ஏரி, அவ்வளவுதான். வாடகைப் படகில் தொடங்கி, பிறகு பழைய படகு ஒன்றை வாங்கினோம். இருவராகப் போக நினைப்பவர்கள் எங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

எங்களுக்குப் படகு ஓட்டவே தெரியாது. இருவர் மட்டும் போக முடியுமா?

முடியும். வாடகைப் படகுகள் பலவும் புதியவர்களை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன: மெதுவான டீசல் எஞ்சின், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, எங்கே இடித்தாலும் தாங்கும் உடம்பு. இங்கிலாந்தின் கால்வாய்களில் வாடகைப் படகு ஓட்ட உரிமம் கேட்பதில்லை. பிரான்சில் படகு தரும் நிறுவனமே சொல்லிக்கொடுத்து, தற்காலிக அட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். ஜெர்மனியில் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு உரிமம் வேண்டும். வாடகைப் படகுக்குச் சில பகுதிகளில் விலக்கு உண்டு. சொந்தப் படகில் ஐரோப்பிய எல்லைகளைக் கடப்பதென்றால் ஐசிசி எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழும், செவ்னி என்ற ஐரோப்பிய நீர்வழி விதிகளில் ஒரு தேர்வும் தேவைப்படும்.

நான் போடும் நிபந்தனை ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கும்போது இருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களிடம் முதல் படகை ஒப்படைத்தவர் கியரை என் கணவருக்குக் காட்டினார், அடுப்பை எனக்குக் காட்டினார். நாங்களும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குப் படகை நிறுத்தத் தெரியவில்லை. அவருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான். இருவர் மட்டும் இருக்கும் படகில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

யார் ஓட்டுவது, யார் கயிறு பிடிப்பது?

கரையில் நின்று பார்த்தால் பத்துப் படகில் எட்டில் கணவர் சுக்கானில் நிற்பார், மனைவி முன்பக்கம் கயிற்றோடு நிற்பார். இது எனக்கு இன்றுவரை புரியாத ஏற்பாடு. சுக்கானுக்குப் பலம் தேவையே இல்லை, கவனம்தான் வேண்டும். கயிறு இழுக்க, கரைக்கு இறங்க, லாக் எனப்படும், படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டியின் கதவைத் தள்ள, இதற்கெல்லாம்தான் உடல் எடையும் தோளும் வேண்டும். ஆகவே பலம் கூடுதலாக உள்ளவர் கயிற்றுக்குப் போவதுதான் நியாயம். எங்கள் படகில் கடினமான கரைகட்டல் என்றால் ஓட்டுவது நான்.

அதற்காக நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளவும் வேண்டாம். நாங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்கிறோம். ஓட்டுபவர்தான் அன்றைக்குத் தலைவர். அவர் சொன்னால் அதுதான். கருத்து வேறுபாடு இருந்தால் கட்டிய பிறகு பேசலாம். ஒரு விதி மட்டும் இருவருக்கும் பொது. "வேண்டாம், திரும்பிப் போகலாம்" என்று யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் திருப்ப வேண்டும். பயந்து திரும்பியதற்காக நாங்கள் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

சண்டை வருமாமே?

வரும். பெரும்பாலும் படகைக் கட்டும் நேரத்தில். பத்து மீட்டர் படகில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் எஞ்சின் சத்தம். முன்னால் இருப்பவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசுவார், பின்னால் இருப்பவருக்குக் காதில் விழாது. உடனே குரல் உயரும். உயர்ந்த குரல் கோபமாகத்தான் கேட்கும். "என்னங்க, நிறுத்துங்க" என்று நான் கத்த, அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். நான் சொன்னது படகை நிறுத்த. எஞ்சின் இல்லாத படகு காற்றோடு போய் அடுத்தவர் படகில் சாய்ந்தது.

காதில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் ஹெட்செட் வாங்குங்கள். படகுக்காரர்கள் வேடிக்கையாக அதைக் கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி என்பார்கள். அனுபவத்தில் அது வேடிக்கை இல்லை. பேட்டரி தீர்ந்த நாளுக்காக நான்கு கை சைகையும் போதும்: முன்னே, பின்னே, நியூட்ரல், இன்னும் எத்தனை மீட்டர். வார்த்தைகளையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் இப்போது "நிறுத்து" என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. "நியூட்ரல்" அல்லது "ரிவர்ஸ்", இரண்டில் ஒன்று.

இடது கரை, வலது கரை என்று வரைபடத்தில் இருக்கிறதே, யாருக்கு இடது?

நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் வலது கரை. எங்கும் இதுதான் வழக்கு. எதிரோட்டத்தில் போகும்போது வலது கரை உங்களுக்கு இடப்பக்கம் வரும் என்பதால் நாங்கள் படகுக்குள் "உன் பக்கம், என் பக்கம்" என்றே பேசுகிறோம்.

படகு போகும் வழியின் ஓரத்தைக் காட்டும் மிதவைகளில் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பிய நதிகளில் சிவப்பு மிதவை வலது கரைப் பக்கம், பச்சை இடது கரைப் பக்கம். அதாவது எதிரோட்டத்தில் போனால் சிவப்பு உங்கள் இடப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் இது தலைகீழ்: எதிரோட்டத்தில் போகும்போது சிவப்பு வலப்பக்கம். ஒரு கண்டத்தில் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போனால் முதல் இரண்டு நாள் ஒரு சீட்டில் எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு நதியா, கால்வாயா?

கால்வாய். ஓட்டம் கிடையாது என்பதால் தவறு செய்தாலும் தண்ணீர் உங்களை அதே இடத்தில் விட்டுவைக்கும். நதி அப்படியில்லை, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது உங்களை எங்கேயோ கொண்டுபோய்க்கொண்டிருக்கும்.

பலர் முதலில் கேட்பது பிரான்சின் கனால் டு மிடி. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் உள்ள தோ ஏரி வரை 240 கிலோமீட்டர். பியர் போல் ரிக்கே என்பவர் தன் சொத்தையும் போட்டுக் கட்டிய கால்வாய். 1681இல் திறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை, சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் தீர்க்க வேண்டியிருந்த பெரிய சிக்கல் தோண்டுவது அல்ல, மேட்டில் தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான். மேடேறி இறங்கும் எந்தக் கால்வாய்க்கும் உச்சியில் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு படகு லாக்கைக் கடக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். கருப்பு மலை என்று அழைக்கப்படும் மலைத்தொடரில் அணை கட்டி, அந்த நீரை வாய்க்கால் வழியே உச்சிக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு படகு வருவது தெரிந்தால் காத்திருந்து ஒரே லாக்கில் சேர்ந்து போவது மரியாதைக்காக மட்டும் அல்ல, தண்ணீரை மிச்சப்படுத்தவும்தான்.

அயர்லாந்தின் ஷானன் நதி இன்னொரு நல்ல தொடக்கம். நீளமான நதி, லாக்குகள் குறைவு, சரக்குப் போக்குவரத்து இல்லை. ஆனால் நடுவில் வரும் ஏரிகள் பெரியவை. காற்று அடிக்கும் நாளில் அவற்றைக் கடக்காமல் கரையில் காத்திருப்பதே மேல்.

வருடக்கணக்கில் போக ஆசைப்படுபவர்கள் பேசுவது வட அமெரிக்காவின் பெரிய வட்டப் பாதையை. ஹட்சன், ஈரி கால்வாய், பெரிய ஏரிகள், இல்லினாய், மிசிசிப்பி, டென்னசி, மெக்சிகோ வளைகுடா, அட்லாண்டிக் கரையோரம் என்று சுமார் 6,000 மைல். பருவங்களோடு சேர்ந்து நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதில் போகிறவர்களில் இணையர்களே அதிகம் கண்ணில் படுவார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஆனால் அது முதல் பயணம் அல்ல.

லாக்கை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இருவரால் சமாளிக்க முடியுமா?

லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த நீளமான தொட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், தண்ணீரை விட்டு உங்களை ஏற்றும் அல்லது வடித்து இறக்கும். பம்ப் எதுவும் இல்லை, மேட்டுத் தண்ணீரின் கனமே எல்லா வேலையையும் செய்கிறது. அளவில்தான் வித்தியாசம். இங்கிலாந்தின் குறுகிய லாக் 2.1 மீட்டர் அகலம். அதற்குள் நுழையும் படகு 2.08 மீட்டர். மிசிசிப்பி லாக்குகளின் அகலம் 33 மீட்டருக்கு மேல். டென்னசி நதியின் வில்சன் லாக் உங்களை ஒரே மூச்சில் 28 மீட்டர் அளவுக்கு ஏற்றிவிடும். பெரிய லாக்குகளில் ஊழியர்களே கதவைத் திறந்து மூடுவார்கள், சுவரில் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதக்கும் தூண்களும் இருக்கும். கயிற்றை அதில் சுற்றிப் பிடித்தால் போதும். ஆச்சரியம் என்னவென்றால் பெரியவை சுலபம். வேலை வாங்குவது நாமே கதவைத் தள்ள வேண்டிய சின்ன லாக்குகள்தான்.

முதல் விதி: லாக்குக்குள் கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். கட்டுத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது தளர்த்திக்கொண்டே இருங்கள். ஏறும்போது தொய்வை இழுத்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு ஒருமுறை இறங்கும் லாக்கில் கயிறு தன் சுற்றிலேயே சிக்கிக்கொண்டது. தண்ணீர் இறங்குகிறது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் கயிற்றில் தொங்க, மறுபக்கம் சாய ஆரம்பித்தது. உள்ளே தட்டெல்லாம் உருளும் சத்தம் கேட்டது. என் கணவர் கத்தியால் கயிற்றை அறுத்தார். படகு தொப்பென்று விழுந்து ஆடி நின்றது. அன்றிலிருந்து இரண்டு கத்திகள், படகின் இரண்டு முனையிலும், உறையோடு கட்டப்பட்டு இருக்கின்றன.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. இறங்கும்போது மேல் கதவுக்குக் கீழே கல்லோ கான்கிரீட்டோ ஆன ஒரு திட்டு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது தெரியாது. படகின் பின்பக்கம் அதன் மேல் மாட்டினால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் தாழ்ந்து படகு மூழ்கிவிடும். பல லாக்குகளில் சுவரில் கோடு போட்டு எல்லையைக் காட்டியிருப்பார்கள். சுக்கானில் நிற்பவரின் ஒரே வேலை அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே படகை வைத்திருப்பது. ஏறும்போது ஆபத்து முன்பக்கம்: மூக்கு கதவின் கட்டையிலோ சுவரின் கல்லிலோ கீழிருந்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

இதெல்லாம் இருவருக்கு எப்படிப் பிரியும்? ஒருவர் படகில், ஒருவர் மேலே மதகில், அதாவது லாக்குக்குத் தண்ணீரை விடும் சின்னத் திறப்பில். மேலே இருப்பவர் மதகைத் திறக்கும் முன் கீழே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் திறக்க வேண்டும், அதுவும் பாதி. திறந்தபின் அங்கேயே நிற்க வேண்டும், ஏனென்றால் ஏதாவது தப்பாகப் போனால் முதல் மருந்து மதகை மூடுவதுதான். போட்டோ எடுக்கப் போகக் கூடாது. போனது நான்தான், அதனால்தான் சொல்கிறேன்.

நதியின் ஓட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

வளைவில் வெளிப்பக்கம் ஆழம், வேகம். உட்பக்கம் ஓட்டம் தளர்வதால் மணல் சேரும், தரை தட்டும். நேராகப் போகலாம் என்று வளைவின் உட்பக்கத்தை ஒட்டிக் குறுக்கே வெட்டுவதுதான் புதியவர்கள் தரைதட்டும் வழக்கமான வழி.

தண்ணீரின் மேற்பரப்பில் நீரோட்டத் திசையைக் காட்டும் அம்புமுனை போல ஒரு வடிவம் தெரிந்தால் அங்கே வழி இருக்கிறது. கூர்முனை எதிரோட்டத்தைப் பார்த்து இருந்தால் அந்த முனையில் ஒரு பாறையோ கட்டையோ இருக்கிறது. பழகிவிட்டால் இதைப் படிக்க வினாடி போதும். அப்புறம், மழைக்குப் பிறகு நதி ஏறும் நாள்களில் கரையில் கிடந்த மரங்களையெல்லாம் அது தூக்கிக்கொண்டு வரும். அந்த நாள்களில் நகராமல் இருங்கள்.

தாழ்வான தடுப்பணைகள்தான் எனக்கு மிகவும் பயம். மேலிருந்து வரும்போது ஒரு நேர்கோடு போலத்தான் தெரியும். அதன் அடியில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுழன்று விழுந்தவரை வெளியே விடாது. வரைபடத்தில் அணை இருக்கும் இடத்தை இருவரும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்குக்குப் பிரியும் வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதையும்.

கரைகட்டும்போது எப்போதும் மூக்கை எதிரோட்டத்துக்குத் திருப்புங்கள். ஓட்டத்தோடு போகும் படகுக்குப் பிரேக் கிடையாது. எதிர்த்து நிற்கும் படகுக்கு ஓட்டமே பிரேக். கரையை நோக்கிச் சற்றே சாய்த்து, ஓட்டத்தின் வேகத்துக்குச் சமமாக எஞ்சினை வைத்தால், படகு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து கரையில் வந்து ஒட்டும். முதல்முறை அது நடக்கும்போது ஏதோ மாயம் மாதிரி இருக்கும்.

இருவருக்கு மிகவும் உதவுவது படகின் நடுவிலிருந்து எடுக்கும் கயிறு. அதைக் கரையில் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டி, எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் படகு கரையோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். கரைக்குத் தாவாதீர்கள். காலை எடுத்துவைக்கும் தூரம் வரும்வரை காத்திருங்கள். வரவில்லையென்றால் சுற்றிவந்து மறுபடி முயலலாம்.

ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால்?

விழுந்தவுடன் எஞ்சின் நியூட்ரல். புரொப்பல்லர்தான் முதல் எதிரி. படகு வேகத்தில் இருந்தால் விழுந்தவர் இருக்கும் பக்கமாகச் சுக்கானைத் திருப்பி, படகின் பின்பக்கத்தை அவரிடமிருந்து விலக்குங்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள். கண்ணை அவரிடமிருந்து எடுக்காதீர்கள்.

கால்வாயாக இருந்தால் முதலில் கத்த வேண்டியது "எழுந்து நில்" என்றுதான். பல கால்வாய்களில் தண்ணீர் இடுப்பளவோ மார்பளவோதான் இருக்கும். நதியில் அது நடக்காது. அங்கே விழுந்தவர் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வீணாகக் களைத்துப் போகக் கூடாது. மல்லாந்து, கால் ஓட்டத்தின் திசையில் இருக்க, மிதக்க வேண்டும். ஓட்டுபவர் அவருக்குக் கீழே போய்த் திரும்பி, எதிரோட்டத்தில் மெல்ல வந்து அவரை அணுக வேண்டும். மேலிருந்து வந்தால் ஓட்டம் படகை அவர்மேல் தள்ளிவிடும். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் யாரும் முன்கூட்டி யோசிக்காத கட்டம்: அவரை எப்படி மேலே ஏற்றுவது? நனைந்த உடையோடு ஒரு முழு ஆளைத் தூக்குவது தனியாளால் ஆகாத காரியம். தண்ணீரில் இருப்பவரே இழுத்து இறக்கிக்கொள்ளக்கூடிய ஏணி படகில் இருக்க வேண்டும். எங்கள் பழைய படகில் ஏணி மேல்தளத்தில் மடித்துக் கட்டியிருந்தது. மேலே ஆள் இருந்தால்தான் இறக்க முடியும். அதை மாற்றியதுதான் படகு வாங்கியபின் செய்த முதல் செலவு.

தண்ணீரின் குளிர்ச்சியையும் மறக்க வேண்டாம். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உடம்பு அதிர்ந்து, மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். முதல் ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்க; அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் ஒழுங்காக வேலை செய்யும்; நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம். நல்ல நீச்சல்காரரும் அந்த முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவார். லைஃப் ஜாக்கெட் அந்த நிமிடத்துக்காகத்தான். தளத்தில் தனியாக இருக்கும்போது, லாக்கில், இரவில், இந்த மூன்று நேரத்திலும் நாங்கள் போடாமல் இருப்பதில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பீர்கள் என்றால் வரலாம். ஆனால் படகைத் திருப்பிக் கொண்டுவரக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். விழப்போவது நீச்சல் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

இதோடு ஒன்று. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுத்துறைகளில் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஏதாவது ஒரு படகில் கசியும் மின்சாரம் நன்னீரில் உடம்பின் வழியே பாய்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். உப்பு நீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் நன்னீரைவிட நம் உடம்பு மின்சாரத்துக்கு நல்ல வழி.

பெரிய சரக்குப் படகுகளுக்கு நடுவில் எப்படிப் போவது?

ஒதுங்கித்தான். விதிப்படி யாருக்கு முன்னுரிமை என்று வாதாடுகிற இடமல்ல இது. மேல் மிசிசிப்பியில் ஒரு தள்ளுபடகு 15 சரக்குத் தோணிகளைச் சேர்த்துக் கட்டித் தள்ளிவரும்: அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து, ஏறக்குறைய 300 மீட்டர். நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். ஓட்டுபவருக்குத் தன் முன்னால் சில நூறு மீட்டர் தண்ணீர் தெரியவே தெரியாது. அவரிடம் விஎச்எஃப் ரேடியோவில் எந்தப் பக்கம் போகட்டும் என்று கேளுங்கள். அமெரிக்காவில் அதற்கு 13ஆம் சேனல். ஐந்து குறுகிய ஹாரன் ஒலி கேட்டால் அது ஆபத்து எச்சரிக்கை, பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

ஐரோப்பாவின் ரைன் நதியில் எதிரே வரும் சரக்குப் படகு வலப்பக்கம் நீலப் பலகையும் மின்னும் வெள்ளை விளக்கும் காட்டினால், வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடக்க விரும்புகிறது என்று பொருள். எதிரோட்டத்தில் ஏறும் கனமான படகு ஓட்டம் தளர்ந்த உள்வளைவைத் தேடிப் போவதால் வந்த வழக்கம் இது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. இங்கிலாந்தின் கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல்; கனால் டு மிடியில் 8 கிலோமீட்டர். இங்கிலாந்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி. 9 மைல், 6 லாக் என்றால் 5 மணி நேரம். இருவருக்கு அதுவே ஒரு முழு நாள் வேலை. வில்ட்ஷயரில் கேன் ஹில்லில் 29 லாக்குகள் அடுத்தடுத்து வரும்; அதற்கு முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள்.

வேகமான படகு வாங்கித் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரைத் தள்ளிப் போகும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேகம்தான். 10 மீட்டர் படகுக்கு மணிக்கு 14 கிலோமீட்டர் வாக்கில். அதைத் தாண்ட முயன்றால் டீசல் தீருமே தவிர படகு போகாது. உங்கள் அலை கரையையும் அரிக்கும், கட்டி நிற்கும் படகில் தேநீர் குடிப்பவரையும் நனைக்கும்.

எந்த அளவு படகு வாங்கலாம்?

ஒருவரால் தனியாகக் கரைகட்ட முடிகிற அளவு. அதற்குமேல் பெரியது இருவருக்கு வேண்டாம்.

போக நினைக்கும் வழியின் தாழ்ந்த பாலத்தையும், ஆழம் குறைந்த இடத்தையும், குறுகிய லாக்கையும் தெரிந்துகொண்டுதான் படகைப் பார்க்கப் போக வேண்டும். வட அமெரிக்க வட்டப் பாதையில் சிகாகோவுக்கு அருகே ஒரு நிலைப்பாலம் சுமார் 6 மீட்டர் உயரம். அதைவிட உயர்ந்த படகுக்கு அந்தப் பாதையே கிடையாது. பிரான்சின் பல கால்வாய்கள் 1879இன் சட்டப்படி 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம் கொண்ட லாக்குகளைக் கொண்டவை. கனால் டு மிடி அதற்கு முந்தியது, அங்கே வளைவுப் பாலங்களின் ஓரத்தில் உங்கள் மேல்தளம் இடிக்கும். உயரத்தை நீங்களே டேப் வைத்து அளந்து, எண்ணைச் சுக்கானுக்கு முன்னால் எழுதி வையுங்கள். விற்பவர் சொன்ன எண்ணை நம்பி நாங்கள் ஒரு ஆண்டெனாவை இழந்தோம்.

இரவில் எங்கே நிற்பது?

படகுத்துறை, லாக்குக்கு அருகே உள்ள காத்திருக்கும் இடம் (அனுமதி இருந்தால்), கால்வாய்க் கரை, அல்லது நங்கூரம். நதியில் நங்கூரம் போட்டால் கப்பல் போகும் தடத்தைவிட்டு முழுக்க விலகி, தீவுக்குப் பின்னாலோ கிளையாற்றின் வாயிலோ போடுங்கள். ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் கயிறோ சங்கிலியோ விட வேண்டும். மூழ்கிய கட்டைகளில் நங்கூரம் சிக்குவது நதியில் சகஜம் என்பதால் அதன் தலைப்பக்கம் சின்ன மிதவையோடு தனிக்கயிறு கட்டிவிட்டால் பின்பக்கமாக இழுத்து விடுவிக்கலாம். வெள்ளை விளக்கு இரவு முழுக்க எரியட்டும். கரையில் கட்டினால் இரவில் நீர்மட்டம் ஏறவும் இறங்கவும் செய்யும். கயிற்றில் தொய்வு இருக்கட்டும்.

கழிவறை, குளியல்?

தொட்டி நிறையும், தண்ணீர் தீரும். இரண்டும் எப்போது என்பதை இருவரும் கணக்கு வைத்திருங்கள். வெறுப்பான வேலை என்பதால் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதையும் முறைபோட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, மயக்கம் வந்தால்?

வெயில் என்று முடிவு கட்டாதீர்கள். படகில் தலைவலியும் குமட்டலும் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். மணம் இல்லை, நிறம் இல்லை. எஞ்சின் புகை பின்பக்கத் திரைக்குள் சுற்றி வரும்; அடுப்பு, ஜெனரேட்டர், ஹீட்டர் எல்லாமே காரணமாகலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். தூங்கும் இடத்தில் அலாரம் வைக்காத படகில் நான் இரவு தங்குவதில்லை, அது நண்பர் படகாக இருந்தாலும்.

எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டால்?

முதலில் நங்கூரம், அப்புறம்தான் கருவிப்பெட்டி. நதியில் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அதனால் நங்கூரம் எப்போதும் போடத் தயாராக இருக்கட்டும், நாற்காலிக்கு அடியில் அல்ல. பெரும்பாலான தொல்லைகள் சின்னவை: எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டியில் இலை, புரொப்பல்லரில் பிளாஸ்டிக் பை, தேய்ந்த பெல்ட், பம்பின் ரப்பர் விசிறி, அழுக்கு டீசல். இந்த ஐந்தையும் இருவருமே சரிசெய்யத் தெரிந்துகொள்ளுங்கள். புரொப்பல்லர் பக்கம் கை போகும் முன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போதும் ஒன்றாகவே இருந்தால் அலுக்காதா?

அலுக்கும். நாங்கள் கண்டுபிடித்த வழி: கால்வாயில் ஒருவர் படகை ஓட்ட, மற்றவர் கரையோரப் பாதையில் நடந்தோ சைக்கிளிலோ அடுத்த லாக்குக்குப் போய்க் கதவைத் திறந்து வைப்பது. இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச வேண்டாம். லாக்கில் சந்திக்கும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.

வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே போய்விடலாமா?

முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். பிறகு மழைக்காலத்தில் இன்னொரு வாரம். இரண்டாவது வாரத்தில் தெரிவதுதான் உண்மை.

முதல் நாள் காலையில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டமில்லாத அகன்ற இடம் ஒன்றைத் தேடுங்கள். கரையில் மோதாமல் காக்க படகின் ஓரத்தில் தொங்கும் மிதக்கும் உருளையான ஃபெண்டர் ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டு, விழுந்தது ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகப் படகைத் திருப்பிவந்து அதை எடுக்க வேண்டும். மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று முறை. பிறகு ஆளை மாற்றி மூன்று முறை. எங்கள் முதல் ஒத்திகையில் நான் இரண்டு முறை எடுத்தேன். மூன்றாவது நாணலுக்குள் போய்விட்டது. படகைத் திருப்பித் தந்தபோது ஒரு ஃபெண்டர் குறைந்தது, அதற்குக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.